இடது முன்னங்கால்

எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லாமல் சொல்வார். அக்கா வீட்டுக்காரர் அப்படியெல்லாம் சுற்றி வளைக்கமாட்டார், மிளகா என்றே கூப்பிடுவார். "மிளகா, குதிரையப் புடி, என்னைப் புடிச்சு அப்புறம் திட்டலாம்." எங்கள் குதிரையேற்றப் பள்ளியில் பதினாறு வருஷமாக லாடம் அடிப்பது அந்த மாமாதான். அவர் குனிந்து ஒரு காலைத் தூக்கித் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டால், எந்த முரட்டுக் குதிரையும் மற்ற மூன்று காலில் ஒழுங்காக நிற்கும்.

வாலுவுக்கு மூன்று வயது. பிறந்தபோது ஈரத்தோடு என் மடியில் விழுந்த குட்டி. தாழ்ப்பாளைப் பல்லால் தள்ளித் திறந்துகொண்டு ஆபீஸ் அறைக்குள் வந்து, ரசீதுப் புத்தகத்தைத் தின்றுவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அதற்கு முதல் லாடம். மாமா ஒன்றரை மணி நேரம் பொறுமையாக அடித்தார். இடது முன்னங்காலில், கடைசி ஆணியில், வாலு வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

மாமா குளம்பைத் தடவிப் பார்த்தார். "ஆணி உள்சதையில பட்டிருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். எதுக்கும் காலையில ஓடவிட்டுப் பாரு. நொண்டுச்சுன்னா போன் பண்ணு, வந்து கழட்டிடறேன்."

மறுநாள் பதினொரு மணிக்குத் தண்ணீர் வாளியோடு போனேன். வாலு கொட்டடியில் படுத்திருந்தது. வாயில் பாதி மென்ற புல். கண் திறந்திருந்தது. கழுத்தில் கை வைத்தேன், சூடு இருந்தது, வேறு எதுவும் இல்லை. வாளியைச் சிந்தாமல் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் எதற்கு அவ்வளவு பதமாக வைத்தேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரர் அப்போதுதான் புல் ஏற்றிக்கொண்டு திரும்பியிருந்தார். அவர் டாக்டருக்கும் அக்கா வீட்டுக்கும் போன் பண்ணினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் தொங்கிய இரும்புக் குறட்டை எடுத்து, செத்துக்கிடந்த என் பிள்ளையின் இடது முன்னங்காலிலிருந்து லாடத்தைப் பிய்த்து எடுத்தேன். கழற்றவில்லை, பிய்த்தேன். குளம்பின் விளிம்பு பிளந்து வந்தது. மாமாவும் அக்காவும் வந்து இறங்கியதும் அதை அவர் காலடியில் வீசினேன்.

"கொன்னுட்டீங்களே மாமா. காலையிலயே நொண்டுச்சு. உங்க ஆணிதான், வேற ஒண்ணும் இல்ல."

சவாரி கற்க வந்தவர்கள், அவர்களைக் கூட்டிவந்த பெற்றோர்கள், எல்லோரும் நின்றார்கள். மாமா லாடத்தை எடுத்து ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வாலு நொண்டவே இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. காலையில் ஓடவிட்டுப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கல்லைப் போல நன்றாக இருந்த குதிரை நாலு மணி நேரத்தில் செத்தால், யாராவது காரணமாக இருந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கைக்கு எட்டிய ஆளைப் பிடித்தேன்.

டாக்டர் அறுத்துப் பார்த்தார். இதயம், குடல், ஈரல் எல்லாம் சரியாக இருந்தன. "ஆணி பட்டா நொண்டும், சீழ் வைக்கும். ஒரே நாள்ல சாகறது எனக்குத் தெரிஞ்சு இல்ல," என்றார். பிறகு பிளந்த குளம்பைப் பார்த்தார். "ஆனா இதுல ஆணி எதுவரைக்கும் போச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்களே."

மூன்று வாரம் ஓடியது. மீதிக் குதிரைகளின் குளம்புகள் வளர்ந்துகொண்டிருந்தன. மாமா எங்களிடம் மட்டுமல்ல, யாரிடமும் வேலைக்குப் போகவில்லை. அக்கா ஒரே ஒரு தடவை போன் பண்ணினாள். "அவரு சுத்தியலத் தொடமாட்டேங்கறாரு. சோறு வெச்சா தட்டைத் தள்ளிடறாரு. உனக்கு இப்ப மனசு ஆறிடுச்சாடி?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

வாலுவின் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. காரணம் கண்டறிய இயலவில்லை என்று ஒரே வரி. அதை எடுத்துக்கொண்டு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என் பொய்யை நான் சொல்லாமலே அந்தக் காகிதம் சரிக்கட்டிவிடும் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

மாமா முன்னறையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். "வாங்க," என்றார். பதினாறு வருஷத்தில் என்னை அவர் வாங்க என்றது அன்றைக்குத்தான். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"உங்க மேல தப்பு இல்ல மாமா. அதுலயே போட்டிருக்கு."

"அப்படி எங்க போட்டிருக்கு? தெரியலன்னுதான் போட்டிருக்கு. தெரியலன்னா நானாவும் இருக்கலாமில்ல?"

"டாக்டர்கூட ஆணியால சாகாதுன்னு சொன்னாரு."

"அவருக்குத் தெரிஞ்சு இல்லன்னு சொன்னாரு. நொண்டுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? நொண்டுச்சுன்னா உள்ள பட்டிருக்கு. பட்டது என் கை." காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேன். அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது."

அக்கா உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். இதற்கு மேல் எனக்கு ஒளிய இடம் இல்லை.

"நொண்டல மாமா," என்றேன். "பொய் சொன்னேன். நல்லாத் தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அக்கா வந்து அறைவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"ஓடவிட்டியா?" என்றார்.

"விட்டேன். ஏழு மணிக்கு."

"மண்ணுலயா, சிமெண்ட் பாதையிலயா?"

"மண்ணுல ரெண்டு சுத்து. அப்புறம் அதுவே பாதைக்கு வந்துடுச்சு. புதுச் சத்தம் கேட்டதும் நின்னுச்சு. தன் காலத் தானே குனிஞ்சு பாத்துச்சு. அப்புறம் அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப ஓடுச்சு மாமா. நான் கூப்பிட்டும் வரல. சிரிச்சு சிரிச்சு எனக்கு இருமலே வந்துடுச்சு."

"நாலு காலும் ஒரே மாதிரி கேட்டுச்சா? இடது முன்னங்கால் லேசா விழல?"

"ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. நின்னு கேட்டேன்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். தன் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாரம் இறங்கிவிட்டது, இனி எழுந்து முகம் கழுவுவார் என்று நினைத்தேன். அவர் முகம் கோணியது. இருபத்தொரு நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் என்று அக்கா பிறகு சொன்னாள்.

"அவ்வளவு நல்லா ஓடுச்சே," என்றார். "அப்புறம் ஏன் செத்துச்சு?"

"தெரியல மாமா."

"ஏன் செத்துச்சு?" என்று மறுபடியும் கேட்டார்.