காற்று மட்டும்

பெட்டியை ஹாலின் நடுவே இரண்டு ஸ்டூல்களின் மேல் இறக்கியபோது ஒரு பக்கம் தாழ்ந்தது. சிவனேசன் முழங்காலை முட்டுக்கொடுத்து நேராக்கினான். உள்ளே அப்பா செல்லசாமி, நெற்றி நிறைய விபூதியுடன் படுத்திருந்தார். முந்தின நாள் காலையில் பல் விளக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். தோகாவில் ஏசி பூட்டும் வேலையிலிருந்த சிவனேசன், கிடைத்த விமானத்தில் ஏறி விடியும்போதுதான் இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வந்து சேர்ந்தான்.

வெளியே மழை. கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தன. ஊதுவத்திப் புகையும் நனைந்த கம்பளி வாடையும் மூச்சை அடைத்தன. அப்பாவின் தம்பி மாயாண்டி துண்டால் விசிறிக்கொண்டார்.

"தம்பி, நீ பூட்டிக் குடுத்த மெசின போடேன்."

"சூடு வேணாம் சித்தப்பா. காத்து மட்டும் விடுறேன்."

குளிரில் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறதே என்று, போன வருசம் லீவில் வந்தபோது அவன் கூரைத்தட்டுக்குள் பூட்டிய சூட்டுக் காற்று மெசின் அது. சுவரிலிருக்கும் சின்னக் கருவி அறையின் குளிரைப் பார்த்துத் தானாகவே ஹீட்டரைப் போடும், நிறுத்தும். வேண்டுமானால் ஹீட்டர் இல்லாமல் காற்றாடியை மட்டும் தனியே ஓடவிடலாம், போனிலிருந்தும் செய்யலாம். எவ்வளவு சொல்லியும் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. அப்பா ஒரே நாளில் கற்றுக்கொண்டார்.

சிவனேசன் போனைத் தொட்டான். சுவரில் 'டக்'கென்றது. கூரைத்தட்டுக்குள் காற்றாடி இரைந்து எழுந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஜீவராணி, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். குந்தியபடியே பின்னுக்கு நகர்ந்து, பெண்களின் கால்களுக்கிடையே புகுந்து, குசினிக் கதவு மூலையில் போய் ஒடுங்கினாள்.

"கத்தலங்க... நான் கத்தலங்க."

ஒப்பாரி அறுந்து நின்றது.

"நிப்பாட்டுண்ணே!" தங்கை லோஜினி பாய்ந்துவந்து போனைப் பறித்துக் காற்றாடியை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கியது.

"என்னடி?"

"இத போட்டுட்டுத்தான் அடிப்பாரு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

அம்மாவின் முந்தானை நழுவியிருந்தது. காதுக்குக் கீழே தையல் போட்ட தழும்பு, கோணலாகக் கழுத்துவரை இறங்கியது. வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் சால்வை சுற்றியிருப்பாள். குளிர் என்பாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ வேலைய விட்டுட்டு வந்துருவேன்னு அம்மா சத்தியம் வாங்கிருச்சு."

மாயாண்டி குரலைத் தாழ்த்தினார். "விடு தம்பி. குடும்பம்னா நாலு அடி இருக்கத்தான் செய்யும்."

சிவனேசன் ஸ்டூலை உதைத்தான். பெட்டி சரிந்து ஒரு முனை தரையில் மோதியது. அப்பாவின் தலை பலகையில் இடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் அடுத்த உதையைப் பெட்டியின் மேலேயே விட்டான்.

"செத்தவர ஏன்டா மிதிக்கிற, நாயே!" மாயாண்டி அவன் வாயில் குத்தினார். சிவனேசன் திருப்பிக் குத்தினான். குத்து கண்ணில் விழுந்தது. இருவரும் மாலைகளின் மேல் புரண்டார்கள். குத்துவிளக்கு கவிழ்ந்து எண்ணெய் ஓடியது. நான்கு பேர் பிடித்தும் அவன் திமிறினான்.

"போதும்."

அம்மா எழுந்து நின்றிருந்தாள். "அவர நேரா வச்சுத் தூக்குங்க. கொண்டு போயி பொதைங்க."

தேயிலைச் சரிவில் வழுக்கி வழுக்கித்தான் மயானம்வரை தூக்கிப் போனார்கள். மாயாண்டிக்கு ஒரு கண் மூடிப்போயிருந்தது. மூத்த மகன் முதல் மண் போட வேண்டும் என்றார்கள். சிவனேசன் கைநிறைய அள்ளி, கல்லை எறிவதுபோல் எறிந்தான். மூடியில் அது படீரென்று விழுந்தது.

திரும்பி வரும்போதே வீட்டின் பின்பக்கம் விறகு பிளக்கும் சத்தம் கேட்டது. மயானத்துக்குப் போனவர்கள் குளிக்க வெந்நீர் வேண்டும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோடரியை ஓங்கியிருந்தாள்.

"குடுங்கம்மா." கையை நீட்டினான். வீங்கிய உதட்டில் சொல் குழறியது.

அவள் திரும்பவில்லை. கிடாரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பிளந்த விறகு சுவரோரம் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அவள் இன்னொரு கட்டையை இழுத்து நிறுத்தினாள்.