சத்திரத்துக் கல்மேடை

அப்பாவின் பாடையைத் தூக்கியவர்கள் பைபாஸ் பக்கம் திரும்பவும், கலைமணி ஓடிப்போய்க் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இப்படி வேண்டாங்க. சத்திரத்து வழியாப் போங்க."

சித்தப்பா மருதாசலம் பல்லைக் கடித்தார். "ஏஞ் சாமி, இந்நேரத்துல எதுக்கு வம்பு? அது இப்ப ஓட்டலு. உங்கம்மாளையே இந்த வழியாத்தான கொண்டு போனோம்?"

"அதனாலதான் சொல்றேன்."

போன வருசம் அம்மாவுக்கு பைபாஸ் ஓரத்து டிரான்ஸ்பார்மர் அடியில் நின்றுதான் பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னான். அந்த வயிற்றெரிச்சல் கலைமணிக்கு இன்னும் ஆறவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அப்பா சடையன் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: என்னையாவது சத்திரத்து மண்டபத்தில் இறக்கி வையுங்கள்.

அந்தச் சத்திரம் நாயக்கர்களுக்கும் முந்தியது என்பார்கள். வழிப்போக்கர்கள் தங்கினார்கள், வெள்ளைக்காரன் குதிரை கட்டினான், சர்க்கார் ரேஷன் மூட்டை அடுக்கியது, நாதியற்றுக் கிடந்த காலத்தில் ஆடுகள் புழுக்கை போட்டன. யார் வந்தால் என்ன, முன்மண்டபத்துக் கல்மேடை ஊர்ப் பிணத்துக்குத்தான். அங்கே இறக்கி, தலைமாட்டைத் திருப்பி வைத்து, ஆண்கள் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவார்கள். பெண்களுக்கு அதோடு சரி, பிறகு முகம் பார்க்க முடியாது. இப்போது எவனோ குத்தகைக்கு எடுத்து ஏசி போட்டான், கேட்டும் போட்டுவிட்டான்.

கேட்டில் மேனேஜர் ஆனந்தகுமார் கையை விரித்து நின்றான்.

"அக்கா, உள்ள கெஸ்ட்டுங்க டிபன் சாப்பிடறாங்க."

"சாப்பிடட்டுங்க. நாங்க சோறு கேட்டா வந்தோம்?"

"போலீசைக் கூப்பிட வேண்டி வரும்."

"கூப்பிடுங்க. அவுங்க அப்பனாத்தாளையும் இங்கதான் எறக்கியிருப்பாங்க."

பறை நிற்கவில்லை. மருதாசலம் கலைமணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பாடைக்குத் தானே தோள் கொடுத்து, "கேட்டத் தொறங்க தம்பி" என்றார். வாட்ச்மேன் திறந்துவிட்டான்.

கல்மேடையில் பித்தளை உருளி நிறைய ரோஜா இதழ். வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளவாம். கலைமணி அதைத் தூக்கி ரிசப்ஷன் பெண்ணின் கையில் கொடுத்தாள். சடையன் மேடையில் இறங்கினார். இட்லித் தட்டோடு எட்டிப் பார்த்த ஒருவர் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார். கலைமணி அப்பாவின் வாயில் அரிசி போட்டாள், தாடையைத் தடவினாள், ஆசைதீர அழுதாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தலைமாட்டைத் திருப்பி ஆண்கள் தூக்கிப் போனார்கள். பறைச் சத்தம் மெல்ல மெல்ல விலகியது.

"அதான் முடிஞ்சுதே, கெளம்புங்கக்கா" என்றான் மேனேஜர்.

கலைமணி மேடையடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஆம்பளைங்க காட்டுல இருந்து திரும்பற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம். அதான் மொறை. ஏனுங்க, மேல தொங்கற அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க."

ஆனந்தகுமார் போய் சுவிட்சைத் தேடினான்.