வெளுத்துப்போன வாக்குத்தத்தம்

புத்தாண்டு காலை ஆராதனையில் ஜான்சன் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஒரு வார்த்தையும் இல்லை.

திருவிடந்தைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவே தகரக் கூரையிட்ட சபை அது. ஆண்டின் முதல் நாளில் போதகர் ஞானதாஸ் பித்தளைத் தட்டு நிறைய அட்டைகளோடு நிற்பார். சபையார் ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் வேத வசனம்தான் அந்த ஆண்டு முழுவதும் ஆண்டவர் அந்த மனிதருக்குத் தருகிற வாக்கு. எடுத்தவர் உரக்க வாசிக்க வேண்டும். சபை ஆமென் சொல்ல வேண்டும்.

ஜான்சன் வாசிக்கவில்லை. அட்டையைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். நூற்றிருபது பேர் ஆமென் சொல்லக் காத்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த அவன் மனைவி ஜெனிட்டா எட்டிப் பார்த்தாள். ரோஜா நிற அட்டையின் நடுவே ஒரு வெள்ளைத் தாள் மட்டும் ஒட்டியிருந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கோப்பா," என்றார் போதகர்.

"வாணாம் பாஸ்டர். கர்த்தர் குடுத்தது இதான்," என்று சொல்லி, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

முதல் வரிசையிலிருந்த பாப்பா, அந்தச் சபையில் ஜெபத்துக்குப் பேர்போனவள், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. "இந்த வருசத்துக்கு அவனுக்கு வார்த்த வெக்கலடீ."

சொன்ன வாய் ஒன்று; கேட்ட காது நூறு. ஜான்சனுக்கு இதயத்தில் வால்வு பழுது என்பது அங்கே அறியாதவர் இல்லை. தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஆறு மாதமாகப் பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிப்ரவரி பதினெட்டாம் தேதி அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் ஆறு மாதம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று மாலை ஜான்சன் சொன்னான்: "ஆபரேசனுக்கு நான் போவல ஜெனி. வார்த்தை இல்லாம நான் போயி கத்திக்குக் கீழ படுக்கமாட்டேன்."

அழுதும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். அவன் அசையவில்லை. அவன் கோழை அல்ல, நம்புகிறவன். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோழையைத் தேற்றலாம், தவறான இடத்தில் வேரூன்றிய நம்பிக்கையை எந்தக் கையால் பிடுங்குவது?

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒன்று தொடங்கியது. யாரும் அவனை வெறுக்கவில்லை. யாரும் விலக்கவும் இல்லை. ஆனால் அவன் வந்தால் பேச்சின் ஒலி தாழ்ந்தது. ஆராதனையில் அவனுக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து வரவிருந்த குருத்தோலை ஞாயிறு பவனிக்கு முன்கூட்டியே பெயர் எழுதியபோது பாட்டுக்காரர் வரிசையில் அவன் பெயர் இல்லை. ஜெனிட்டா வேலை பார்க்கும் மளிகைக் கடைக்கு வந்த பாப்பா, சர்க்கரையை எடைபோடச் சொல்லிவிட்டு, கண் கலங்கச் சொன்னாள்: "ஜான்சன் இன்னாமா பாடுவான் தெரியுமா."

பாடுவான். தமிழில் அந்த வினைக்கு இரண்டு முகங்கள். இனிமேல் பாடுவான் என்றும் கொள்ளலாம். முன்பெல்லாம் பாடுவான் என்றும் கொள்ளலாம். பாப்பா எந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள் என்பது ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது.

"இப்பவும் பாடுறாருக்கா," என்றாள்.

"பாடட்டும் பாடட்டும். நல்லதா ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கினியா?"

ஜெனிட்டா சர்க்கரைப் பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். அன்று கடையின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நட்டநடு மதியத்தில், கடற்காற்று நின்றுபோய்ச் சவுக்கு மரங்கள் ஓசையற்று நின்றன. உயிரோடிருக்கும் ஒருவனைச் சுற்றி ஒரு தெருவே துக்கம் காக்கத் தொடங்கினால், அவன் உயிரோடிருப்பதற்கு யார் சாட்சி?

ஜனவரி மூன்றாம் வாரம், பாப்பா அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்கு ஓடிவந்தாள். 'பயப்படாதே' என்பது அவள் எடுத்த வாக்கு. வேதப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, தினம் ஜெப எண்ணெய் தொட்டு வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் கடைசி எழுத்தைக் காணவில்லை. 'பயப்படா' வரைதான் இருந்தது. மூன்றாம் நாள் 'பயப்ப' என்று நின்றது. ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையில் 'பய' என்ற இரண்டு எழுத்துகள் மட்டும், சாம்பல் நிறத்தில், வயதானவர் கையெழுத்துபோல் நடுங்கிக்கொண்டிருந்தன. திங்களன்று அவையும் இல்லை.

பிறகு ஒவ்வொரு வீடாக. செல்போன் உறைக்குள் வைத்தவர்களுடையது. கண்ணாடிச் சட்டத்தில் போட்டவர்களுடையது. தலையணைக்கடியில் வைத்தவர்களுடையது. 'காப்பேன்' என்றது 'கா' என்று கரைந்தது. 'கைவிடமாட்டேன்' என்றது 'கைவிட' என்று ஒரு நாள் முழுக்க நின்று, அந்த வீட்டாரைச் சோறு தின்னவிடாமல் செய்தது. எழுத்துகள் வெளியேறிக்கொண்டிருந்தன; சுவரில், பையில், புத்தகத்தில், வெள்ளைச் சதுரங்கள் மட்டும் குருட்டுக் கண்களைப்போல் விழித்திருந்தன.

ஆண்டவர் சபையை விட்டுப் போகிறார் என்றார்கள். முதலில் விட்டது ஜான்சனை, இப்போது எல்லாரையும் என்றார்கள். போதகர் ஞானதாஸ் மூன்று நாள் உபவாசம் அறிவித்தார். பெண்கள் பழைய பாவங்களைச் சொல்லி அழுதார்கள். ஜான்சன் மட்டும் வீட்டில் நாற்காலியில் அமர்ந்து, யாரையும் குறை சொல்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி, கடையில் ஒருவர் நல்லெண்ணெய் பாட்டிலைக் கல்லாவில் வைத்து, "இன்னா விலைமா? ஒண்ணியும் தெரியல," என்றார்.

ஜெனிட்டா எடுத்துப் பார்த்தாள். விலை ஒட்டிய தாள் வெள்ளையாயிருந்தது. இது புதிதல்ல. மூடி சரியில்லாமல் எண்ணெய் கசிந்தால் லேபிள் வெளுத்துவிடும். வாரத்துக்கு நான்கு பாட்டிலுக்கு அவளே புதிது ஒட்டுவாள். பில் போடும் மெஷினிலும் லேபிள் மெஷினிலும் மை கிடையாது. தாளே சூட்டில் கறுக்கிறது. எண்ணெய் பட்டால் போகும். பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தாலும் போகும். எட்டு வருடமாகத் தெரிந்த சேதி. எட்டு வருடமாகத் தெரிந்தும், அட்டையைப் பார்த்தபோது அவளும் வேலையை மறந்து, ஊரோடு சேர்ந்து நடுங்கியிருந்தாள்.

உடனே சாமுக்குப் போன் செய்தாள். ஊரப்பாக்கம் பக்கம் கூரியர் கிடங்கில் வேலை பார்க்கும் அவன்தான் அட்டைகளைச் செய்து கொடுத்தவன்.

"ஆமாக்கா, எங்க லேபிள் மெஷின்லதான் அடிச்சேன். கலர் அட்டையில ஒட்டிட்டேன். ஏங்க்கா, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் கீது. டிசம்பர்ல தட்ட எங்க வச்சிருந்தீங்க?"

"பீடத்துலதான். மூணு நாளு உபவாச ஜெபம். பாஸ்டர் கையில எண்ணெ ஊத்திகினு தட்டுமேல வச்சி ஜெபம் பண்ணாரே."

அன்று மாலை ஜெபம் நடந்துகொண்டிருக்கையிலேயே உள்ளே போனாள். பாப்பாவின் கையிலிருந்து வெற்று அட்டையை வாங்கினாள். பெருவிரல் நகத்தால் அழுத்தி ஒரு கோடு கிழித்தாள். உரசிய சூட்டில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு ஒன்று எழுந்தது. பாப்பா பின்வாங்கிச் சுவரில் மோதினாள்.

"ஒண்ணுமில்லக்கா. லேபிள் பேப்பரு. எண்ணெ தின்னுடுச்சி," என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெயிட்டு மதித்தார்கள், உறையிட்டுக் காத்தார்கள். அவர்கள் காட்டிய பக்தியே எழுத்தைத் தின்றிருந்தது.

போதகர் ஞானதாஸ் கபடம் இல்லாதவர். தலை குனிந்தார். "தப்பு எம்மேலதாம்மா. பிரஸ்ல கொடுத்து நல்ல மையில அடிச்சி, வர்ற ஞாயித்துக்கெழம புது அட்ட தந்துடுவோம்."

அழுதவர்கள் முகம் துடைத்தார்கள். சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற ஆறுதல் கூரைக்குக் கீழே பரவியது. அந்த ஆறுதலைத்தான் ஜெனிட்டாவால் தாங்க முடியவில்லை.

"மகாபலிபுரத்துல கிளி சோசியக்காரன் ஒக்காந்துகினு கீறான் பாஸ்டர். அதுவும் ஒரு சீட்டுதான் எடுக்குது. அந்தக் கிளிக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?"

போதகர் எண்ணெய்க் குப்பியைப் பீடத்தின் ஓரமாக நகர்த்தினார்.

"வேதத்துல எம்மாம் பக்கம் கீது. அத்தினியும் நமக்குன்னுதானே குடுத்தாரு? நாம ஒரு வரிய வெட்டி எடுத்துக்கினு, மிச்சத்த மூடி வச்சிட்டோம். அந்த ஒரு வரி வெளுத்துதுன்னு, உசுரோட கீற மனுசனுக்குப் போட்டோ கேக்குறோம்."

பாப்பா தரையைப் பார்த்தாள்.

ஜெனிட்டா நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு வந்து ஜான்சனிடம் சொன்னாள். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். தன் அட்டையை எடுத்து, தானே நகத்தால் ஒரு கோடு இழுத்தான். கறுப்புக் கோடு வந்தது.

"எண்ணெயாலதான் வெளுத்துது. ஒத்துக்கறேன்," என்றான். "நூத்தி இருவது அட்டையில புத்தாண்டுக்கு முன்னாடியே வெளுத்தது ஒண்ணே ஒண்ணு. அது ஏன் ஜெனி என் கையில வந்துது?"

அந்தக் கேள்வியை எந்த நகத்தாலும் கீற முடியவில்லை. பதினாறாம் தேதி அப்படியே போயிற்று.

பதினேழாம் தேதி பிற்பகல் பாப்பா வாசலில் வந்து நின்றாள். இரண்டு நாளில் கன்னம் ஒட்டியிருந்தது.

"லேபிளுன்னு புரியிதுடா ஜான்சா. புரிஞ்சி இன்னா? கண்ண மூடினா வெள்ளையா நிக்கிது. எப்பவும் எனுக்குள்ள யாரோ பேசிக்கினு இருக்கிற மாதிரி இருக்கும். இப்போ ஒண்ணியும் கேக்கல. நாப்பத்தேழு நாளு இத்த வச்சிக்கினு எப்டிடா ஒக்காந்துகினு இருந்த?"

அவளைச் சபையே கண்டு அஞ்சும். அவள் ஒரு நோயாளியின் முன்னால் குழந்தைபோல் நின்றாள். ஜான்சன் இன்னொரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். "ஒக்காருக்கா. எனக்கு வார்த்த வெக்கலன்னு சொன்னவளாச்சே நீ. உனுக்கே இல்லாம பூட்டுதா?"

"குத்திக் காட்றியா?"

"பின்ன, உட்டுடுவனா?"

அவன் சிரித்தான். ஜெனிட்டா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்; அந்தச் சிரிப்பைப் பார்த்து மாதம் ஒன்றரை ஆகியிருந்தது. பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். மரண இருள் கவிந்த பள்ளத்திலும் கூடவே நடக்கிற மேய்ப்பரைப் பற்றி. இராத்திரி அழுகையாய் வந்து, விடியலில் களிப்பாய் மாறுகிறதைப் பற்றி. வானத்துக்கு ஏறினாலும் பாதாளத்தில் படுத்தாலும் தப்ப முடியாத ஒரு முகத்தைப் பற்றி. மூச்சு இடையில் அறுந்தது. நிறுத்தி, சுவரைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தான். பாப்பா நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப்போட்டாள்.

"இதெல்லாம் எந்த வருசத்து அட்டையிலடா வந்துது?" என்றாள்.

"அட்டையில எங்க வந்துது? ஞாயிறு பள்ளில மனப்பாடம் பண்ணது. ஒப்பிக்கலன்னா டீச்சர் மிட்டாய் குடுக்கமாட்டாங்க. அப்பலேந்து உள்ளதான்..."

அவன் நிறுத்தினான். இம்முறை மூச்சுக்காக அல்ல. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே முதன்முறையாகக் கேட்டவன்போல், வெற்று அட்டை இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஜெனி," என்றான். "ஸ்கேன் பைய எடுத்து வை. காலையில போலாம். ஏன் என் கையில வந்துதுன்னு இன்னும் தெரியல. தெரியாமயே போறேன்."

அன்று மாலை இருவரும் வேதத்தை முதல் பக்கத்தில் திறந்தார்கள். எங்கோ ஓரிடத்தில் விரலை வைக்கவில்லை, கண்ணை மூடவில்லை. நான்கு அதிகாரம் வாசித்தார்கள். அவனுக்குக் களைப்பு வந்ததும் மூடிவைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவனை அறுவைச் சிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிய அதே நொடியில் ஜெனிட்டாவின் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் அணைந்தது. நடைவழியின் அந்தத் துண்டு மட்டும் இருண்டது. பக்கத்தில் அமர்ந்திருந்தவள் அம்சா, அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த விவசாய வீட்டுப் பெண்; அவள் கணவனும் உள்ளேதான் இருந்தான். அவள் மார்பில் கைவைத்தாள். "சரியா இப்பவா அணையணும்?"

ஜெனிட்டா அண்ணாந்து பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம் அந்த அணைந்த குழல் அவளோடு பேச முயன்றது. "லைட்டோட சோக்கு போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும் பக்கம் நகர்ந்து, வேதத்தில் நேற்று விட்ட இடத்தைத் திறந்தாள்.

ஐந்தாம் அதிகாரம். முன்னோர்களின் பெயர்கள். இன்னார் இத்தனை வருடம் இருந்தார், இன்னாரைப் பெற்றார், மரித்தார். அடுத்தவர் இத்தனை வருடம் இருந்தார், மரித்தார். அதற்கடுத்தவரும் மரித்தார். அவள் தாழ்ந்த குரலில் வாசித்தாள். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் இருட்டிலிருந்து ஒரு காலடிபோல் நெருங்கி வந்தது.

"தே, செத்தான் செத்தான்னே வருது," என்றாள் அம்சா. "மூடிட்டு வேற எடத்தப் படியேன். இன்னிக்குப் போயி இத்தயா?"

விரல் தானாகவே பக்கத்தின் ஓரத்துக்குப் போயிற்று. பின்னால் எத்தனையோ இனிய பக்கங்கள் இருந்தன. ஒன்றைத் திறந்தால் போதும்.

"உட்ட எடம் இதாங்க்கா," என்றாள். "இதுவும் அவரு சொன்னதுதான்."

அடுத்த பெயரை வாசித்தாள். அதற்கடுத்ததையும். அம்சா முந்தானையால் வாயை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்; பிறகு, தன்னை அறியாமல், ஜெனிட்டாவின் தோளோடு ஒட்டி அமர்ந்தாள். கதவுக்கு அப்பாலிருந்து எந்த ஓசையும் வரவில்லை.

"ஏம்மா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, "எங்கூட்டுக்காரருக்கும் சேத்துப் படிப்பியா? தீனதயாளன்னு பேரு."

"படிக்கிறேன்," என்று சொல்லி ஜெனிட்டா பக்கத்தைத் திருப்பினாள்.