கைக்கு எட்டாத கம்பிகள்

நீடாமங்கலம் வட்டாரத்தில் கம்பி கட்டுகிற மேஸ்திரி என்றால் மதிவாணன்தான். அவன் கட்டிய தூண் ஒன்றுகூட நூல் பிசகியதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான், மற்றவர்களும் மறுத்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு வீட்டை நினைத்தாலே இப்போது சோறு இறங்குவதில்லை.

அது ஜன்னத் பீவியின் வீடு. துபாயில் இருக்கும் மகன் சுஹைப், அம்மாவுக்காகக் கட்டியது. மற்ற இடமெல்லாம் செங்கல். அம்மாவின் படுக்கையறைக்கு மட்டும் நாலு பக்கமும் கம்பி வைத்த கான்கிரீட் சுவர். பூகம்பம் வந்தாலும் அசையக் கூடாதாம். இங்கே வெள்ளம் வரும், புயல் வரும், சில வருஷம் ஆற்றில் தண்ணீரே வராது. பூகம்பத்தை யார் கண்டார்கள்? கடைத்தெருவே சிரித்தது. காரணம் தெரிந்த மதிவாணனும் கூடச் சேர்ந்து சிரித்தான், அதுதான் அநியாயம்.

காரணத்தை சுஹைப் முதல் நாளே போனில் சொல்லியிருந்தான். இருபது வருஷத்துக்கு முன் அவர்கள் சுமத்ராவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். ஒரு விடியற்காலையில் பூமி ஆடியது. தூங்கிக்கொண்டிருந்த தங்கை நுஸைபா மேல் சுவர் விழுந்தது. ஏழு வயதுக் குழந்தை. ஊர் திரும்பிய நாளிலிருந்து ஜன்னத் பீவி எந்தச் சுவரடியிலும் படுத்ததில்லை. மழையோ பனியோ, கொல்லையில் தகரக் கொட்டகைதான். "அம்மா ஒரு நாளாவது உள்ள படுக்கணும், மதி அண்ணே. அதுக்குத்தான் இந்த வீடே" என்றான் சுஹைப்.

தஞ்சாவூர் இன்ஜினியர் அண்ணாதுரை வரைபடத்தில் தெளிவாகப் போட்டிருந்தார். நிற்கும் கம்பிகளைச் சுற்றி நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங், அதாவது கம்பி வளையம். ஒவ்வொரு ரிங்கின் கொக்கியையும் உள்பக்கமாக நன்றாக மடிக்க வேண்டும். பூமி குலுக்கும்போது ரிங் வாயைப் பிளக்காமல் காப்பது அந்தக் கொக்கிதான்.

வேலை பாதியில் இருக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. டெல்டாவில் கம்பி கட்டுகிறவனும் முதலில் விவசாயிதான். ஆட்கள் எல்லோரும் நடவுக்கு ஓடிவிட, மருதையன் ஒருவன்தான் மிஞ்சினான். மதிவாணனின் குத்தகை நிலத்திலும் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கான்கிரீட் போட வியாழக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது.

ஜன்னத் பீவி தினமும் தையல் டேப்போடு வருவார். ஒவ்வொரு ரிங்காகத் தொட்டு அளப்பார், கொக்கியை விரலால் தடவிப் பார்ப்பார். குள்ளமான அம்மா. எக்கி நின்றாலும் ஆறடிக்கு மேல் கை போகாது, கண்ணும் அவ்வளவு தூரம் பிடிக்காது.

ஆறடி வரைக்கும் மதிவாணன் வரைபடப்படியே கட்டினான். அதற்கு மேலே எட்டு அங்குலத்துக்கு ஒன்று. கொக்கியை மடிக்கவே இல்லை. மருதையன் தலையைச் சொறிந்தபோது, "இங்க என்னடா பூகம்பம் வரப்போவுது, கட்டு" என்றான். இன்ஜினியர் போட்டோ கேட்டார். கீழ்ப்பாதியை எடுத்து அனுப்பினான். வியாழக்கிழமை கான்கிரீட் எல்லாவற்றையும் மூடியது. வெள்ளிக்கிழமை நடவுக்குப் போய்விட்டான்.

கதிர் முற்றும் நேரத்தில் சுஹைப் கூப்பிட்டான். குரல் தழுதழுத்தது. "அம்மா நேத்து உள்ள படுத்தாங்கண்ணே. இருபது வருஷம் கழிச்சு. 'மேஸ்திரி கட்டினதை நானே தொட்டுப் பாத்தேன்டா, பயமில்லை'ன்னு சொல்றாங்க."

திட்டியிருந்தால்கூட மதிவாணன் தாங்கியிருப்பான். ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போனான். பிறகு பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் அண்ணாதுரையிடம் கொட்டிவிட்டான். அவர் பழைய வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இடிக்க வேணாம். வெளிப்பக்கம் சுவரைக் கொத்தி, துளை போட்டுக் கம்பியைச் செருகி, அடியிலேருந்து மேல வரைக்கும் இன்னொரு அடுக்கு கான்கிரீட் போடணும். நானே வந்து நிக்கிறேன். ஆனா அந்தம்மாகிட்ட முதல்ல நீங்க சொல்லணும்."

ஜன்னத் பீவி அவனை அறைக்குள்ளேயே கூட்டிப்போனார். கட்டில் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. தலையணைக்கு மேலே நுஸைபாவின் சின்னப் படம். அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே ஒன்று விடாமல் சொன்னான்.

அவர் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் கை எட்டுற வரைக்கும் சரியா இருக்கா?"

"இருக்குங்கம்மா."

"அப்ப, என் உயரத்தை அளந்துட்டுத்தான் ஏமாத்தியிருக்கீங்க."

அவர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பிறகு தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

மறுநாளே வேலையைத் தொடங்கினான். அறுவடை நேரம். அவன் வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான். நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங், ஒவ்வொரு கொக்கியும் உள்ளே மடிந்தது. அண்ணாதுரை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார். மதிவாணன் ஓர் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "மேல வரைக்கும் பாத்துடுங்கம்மா" என்றான்.

"டேப்பு எங்க வச்சேன்னு தெரியலை, மேஸ்திரி" என்றார் அவர். அது அவர் இடுப்பில்தான் செருகியிருந்தது.

கான்கிரீட் இறுகியது. டெல்டாவில் அதைவிடக் கெட்டியான அறை கிடையாது என்று அண்ணாதுரையே சொன்னார். கட்டில் மட்டும் காலியாகவே கிடந்தது.

மார்கழிப் பனி கொட்டிய ஒரு காலையில் சுஹைப் கூப்பிட்டான்.

"அண்ணே, அம்மா மறுபடியும் கொட்டகையில படுக்கிறாங்களாம். கேட்டா, உள்ள புழுக்கமா இருக்குன்னு சொல்றாங்க. இந்தப் பனியில என்ன புழுக்கம்? அங்க என்னதாண்ணே நடந்துச்சு?"

அவர் மகனிடம் சொல்லவே இல்லை. இவன் பெயரை அந்த அம்மா இன்னும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மதிவாணன் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தான்.

"தம்பி" என்றான், "அம்மா பயப்படுறது பூகம்பத்தால இல்ல. என்னாலதான்."