ஒருமுறை மட்டும் வந்த பிழை

நோயல் எழுந்தான். மோட்டார் போட்டான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்தான். பால் பொங்குவதற்குள் மோட்டாரை நிறுத்தினான். இரண்டு தோசை வார்த்து, மிளகாய்ப்பொடி தொட்டு, நின்றபடியே தின்றான். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. கசங்காத ஒன்றாகப் பார்த்து மாட்டிக்கொண்டான். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, வண்டியை எடுத்தான். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காகப் பாதிச் சாலையை அடைத்திருந்தார்கள். ஆழ்வார்பேட்டையைச் சுற்றிக்கொண்டு தியாகராய நகர் போய்ச் சேர்ந்தான்.

மனைவி ஜொவிட்டா இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். எந்த வேலையும் விட்டுப்போவதில்லை. அதுவே அவனுக்குச் சில நாள் வெட்கமாக இருந்தது.

அலுவலகம் ஒரு துணிக்கடைக் குடோனுக்கு மேல் மாடி. பள்ளி வேன்களுக்கான செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளையின் புத்தகப் பையில் ஓர் அட்டை தொங்கும். பிள்ளை வேனில் ஏறினாலும் இறங்கினாலும் பெற்றோரின் போனுக்குச் செய்தி போய்விடும். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றைக்கே செயலியும் வெளிவர வேண்டும். வெளியே விடலாம், விடக்கூடாது என்று சொல்ல வேண்டியவன் நோயல். சோதனைக் குழு அவன் பொறுப்பில் இருந்தது.

அதற்கு அவனே ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தான். எத்தனை சோதனைகள் தேறின, புதுப் பிழைகள், அவர்கள் பேச்சில் 'பக்கு', வருவது குறைகிறதா, தீவிரமான பிழை ஏதாவது தீர்க்கப்படாமல் திறந்தே கிடக்கிறதா. எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு இவ்வளவு என்று திரையில் வரும். தொண்ணூறைத் தாண்டினால் பச்சை. தீவிரமான பிழை ஒன்று திறந்திருந்தாலும் சிவப்பு.

கிரீஷ் காகிதக் கப்பில் டீயோடு வந்து திரையைப் பார்த்தான். இந்தச் செயலிக்கு மேலாளர் அவன். கல்லூரியிலிருந்தே நோயலுக்கு நண்பன்.

"தொண்ணூத்தாறு. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ்ல கூட இவ்ளோ வாங்கல. போட்டுடலாமா மச்சி?"

"சார், அந்தப் பச்சையில என் பக்கு இல்ல" என்றாள் சிந்து. குழுவில் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள். நாற்காலியைத் திருப்பாமலேயே சொன்னாள்.

"எந்த பக்கு?"

"வேன்ல பாத்தது. நோயல் சார் மூடிட்டாரு."

அவள் போன வாரம் சோதனைக்காக வேனில் போயிருந்தாள். 'வர்ஷினி' என்று ஒரு பொய்ப் பெயரில் அட்டை. அட்டையோடு ஒரு பை பின் சீட்டில். துரைசாமி சுரங்கப்பாதைக்குள் வேன் நெரிசலில் நின்றது. அப்போது சிந்துவின் போனுக்குச் செய்தி வந்தது: வர்ஷினி வீட்டு வாசலில் பத்திரமாக இறங்கிவிட்டாள். பை சீட்டிலேயே இருந்தது.

அதன்பிறகு அவள் எவ்வளவோ முயன்றும் அது திரும்ப வரவில்லை. வரவழைத்துக் காட்ட முடியாத பிழைக்கு அவர்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு: நாட் ரீப்ரோ. செவ்வாய்க்கிழமை நோயல் அந்த இரண்டு சொற்களை எழுதிப் பிழையை மூடினான். சிவப்பு பச்சையானது. ஒரு வரி கூடத் திருத்தாமல் தரம் உயர்ந்தது.

"ஸ்க்ரீன் ஷாட் எடுத்தியாம்மா?" என்றான் கிரீஷ்.

"எடுக்கறதுக்குள்ள மெசேஜ் போயிடுச்சு சார். கண்ணால பாத்தேன். நான் இன்னா கனவா கண்டுக்கினு இருந்தேன்?"

"சிந்தாதிரிப்பேட்டைலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்ற. தூங்கியிருப்பியோன்னு ஒரு சந்தேகம்தான்."

"தூங்கினா குறட்ட விடுவேன் சார். டிரைவர் கபாலி அண்ணன கேளுங்க."

கிரீஷ் சிரித்தான். பிறகு, கோபமில்லாமல், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"சரி. இப்ப வருதா?"

"இப்ப வரல."

நோயல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

ஜொவிட்டா சாந்தோமில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பின்மண்டையில் யாரோ அடித்தாற்போல் ஒரு வலி என்றாள் ஒருநாள். சற்று நேரத்தில் போய்விட்டது. மந்தைவெளியில் டாக்டரிடம் போனார்கள். இப்போது வலி இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். படியிறங்கும்போது நோயல் சொன்னான்: "நாட் ரீப்ரோ. இந்த ரிலீஸ் முடியட்டும், ஸ்கேன் எடுத்துக்கலாம்."

"அப்ப நான் பச்சையா?" என்றாள்.

"பச்ச."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"நோயல்?" என்றான் கிரீஷ்.

நோயல் விசைப்பலகையை இழுத்தான். மூடிய பிழையைத் தேடி எடுத்துத் திறந்தான். தீவிரமானது என்று குறித்தான். திரை சிவந்தது.

"என்னடா பண்ற?"

"ரெடி இல்ல."

"திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. கரஸ்பாண்டென்ட் கிட்ட நான் வாக்கு குடுத்திருக்கேன். அவர் பேரன்ட்ஸ் எல்லாருக்கும் சர்க்குலர் அனுப்பிட்டாரு. காரணம் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"கொழந்த வேன்ல இருக்கும்போதே வீட்ல எறங்கிடுச்சுன்னு சொல்லுதுன்னு சொல்லு."

"ஒருதடவ சொல்லிச்சு."

"ஒருதடவ சொல்லிச்சு" என்றான் நோயலும்.

"ஒருதடவ வந்ததுக்கெல்லாம் நிறுத்தினா உலகத்துல ஒரு சாஃப்ட்வேரும் வெளிய வராது. இத எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்."

அது உண்மை. நோயல் சிவப்பை மாற்றவில்லை. கிரீஷ் அவன் முகத்தைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனான். "சார், வணக்கம் சார், ஒரு சின்ன விஷயம்" என்று அவன் குரல் தாழ்வது கேட்டது. இத்தனை நாளாக நோயலுக்காக அவன் தாழ்த்தாத குரல் இல்லை.

"தேங்க்ஸ் சார்" என்றாள் சிந்து.

"வேணாம். நீ சொன்னப்ப நான் அன்னிக்குப் பதிவான லாக் கூடத் தொறந்து பாக்கல."

அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். "திரும்ப வேன்ல போய்ப் பாக்கலாமா?" என்றாள்.

போனார்கள். கபாலி ஓட்டினார். சுரங்கப்பாதைக்குள் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் வேன் நின்றது. சிந்து அட்டை தொங்கிய பையைப் பின் சீட்டில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயல் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னல் ஒவ்வொரு கோடாகப் போனது. செய்தி எதுவும் வரவில்லை.

"வராது சார். நாம பாத்தா வராது" என்றாள் சிந்து.

"வர்றவரைக்கும் சுத்துவோம்."

"நல்லா சுத்தலாம், டீசலு கம்பெனிதுதான" என்றார் கபாலி.

பின்னால் ஆட்டோக்கள் ஒலியெழுப்பின. நோயல் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடக்கத்தன்று ஜொவிட்டாவின் அம்மா வெரோனிகா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா என்ன சொன்னா மாப்ள என்று கேட்டார். 'ஏசுவே'ன்னு சொன்னா அத்தை என்றான். அந்த அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. பங்குக் கோயிலில் எல்லோரிடமும் சொன்னார். நினைவுத் திருப்பலியில் சாமியாரும் அதையே பிரசங்கத்தில் சொன்னார். நோயல் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டான்.

ஏசுவே என்று அவள் சொல்லவில்லை. இறந்த அன்று காலை அடுப்படிச் சுவரில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் பின்கழுத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். அவன் ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தான். இப்ப இருக்கா என்று கேட்டான், நிமிராமலே.

"இல்ல, போயிடுச்சு. நீ கிளம்பு, லேட்டாவுது."