கூடையில் இடமில்லை

சாவைப் பற்றி ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோக அந்த வீட்டில் யாரும் விடமாட்டார்கள். மணிவாசகத்தின் ஆத்திரமெல்லாம் அதன்மேல்தான். காலமெல்லாம் பாலம் கட்டுகிற கம்பெனியில் இருந்த மனுஷர். எந்தப் பாலம் எத்தனை வருஷம் தாங்கும், முதலில் எங்கே விரிசல் விடும் என்று அவர் எழுந்து நின்று சொன்னால் அறையே குறிப்பெடுக்கும். தன் நுரையீரல் எத்தனை நாள் தாங்கும் என்று சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாய் திறந்தால், "முதல்ல வாயை அலம்புங்க" என்று மனைவி அனுசூயா தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நுரையீரல் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுப் போகிற வியாதி. கூடத்து மூலையில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று ராத்திரி பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பிய குழாய் அவர் மூக்கில் வந்து முடியும். மான்ட்ரியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த அந்த வீட்டுக்குள் எந்த அறைக்குப் போனாலும் அந்தச் சனியன் பிடித்த குழாய் பின்னாலேயே வந்து கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளும். மகன் நிகில் பக்கத்து ஊரான லவாலிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். அவனிடம் பேச்செடுத்தால், "அப்பா, ப்ளீஸ். டாக்டர் புது மருந்து ட்ரை பண்ணலாம்னு சொல்றாரு. பாஸிட்டிவா இருங்க" என்பான். பாஸிட்டிவாக இருந்து இருந்து மணிவாசகத்துக்கு அலுத்துவிட்டது.

போகட்டும், நம் வேலையை நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார். பக்கத்து வீட்டு இரவிச்சந்திரனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை, ராத்திரி ஷிப்ட். பகலில் வேன் சும்மா நிற்கும். லைப்ரரிக்குப் போகவேண்டும் என்று அவனைக் கூப்பிட்டார். தோளில் சின்ன சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, வழி சொல்லிச் சொல்லி ஒரு ஈமக்கிரியை நிலையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தவைத்தார்.

"அண்ணை, லைப்ரரி எண்டு சொல்லிப்போட்டு இஞ்ச கொண்டுவந்திட்டியள்" என்றான் இரவிச்சந்திரன். "அக்கா கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"புஸ்தகம் கிடைக்கலைன்னு சொல்லு."

உள்ளே கோட்டு போட்ட ஒருவர் சவப்பெட்டிகளை வரிசையாகக் காட்டினார். எல்லாம் பளபளவென்று மெருகேற்றிய மரம், உள்ளே வெள்ளைப் பட்டு மெத்தை. அவற்றிலேயே உயர்ந்ததாக ஒன்றைத் திறந்து, மூடியின் ஓரத்தில் ஓடுகிற ரப்பர் பட்டையை விரலால் அழுத்திக் காட்டினார். மூடிவிட்டால் ஒரு பொட்டுக் காற்றுகூட உள்ளே புகாதாம். அதை ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி சொன்னார். மூக்கில் குழாயோடு நிற்கிற மனுஷனிடம் இதைச் சொல்கிறோமே என்று அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை.

மணிவாசகம் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். இரண்டு வருஷமாகக் காற்றுக்காகத்தான் பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார். போன பிறகாவது அந்தக் கஷ்டம் விடும் என்று பார்த்தால், கடைசியில் காற்றுப் புகாத டப்பாவுக்குள் போட்டு மூடப்போகிறார்கள். செத்தவனுக்குக் காற்று எதற்கு என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். ஊரில் என்றால் பாடை, பச்சை மூங்கில், தென்னங்கீற்று. மூடி என்ற பேச்சே இல்லை. இங்கே பெட்டி இல்லாமல் எரிக்க விடமாட்டார்கள்.

"மூச்சு விடுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அந்த ஆள் விழித்துவிட்டு, யோசித்து, ஒரு படத்தை எடுத்து வந்தார். வில்லோ மர விளாரால் கையாலேயே பின்னின பெட்டி. கிழக்கே போனால் அக்னெஸ் என்று ஒரு அம்மாள் பின்னிக் கொடுக்கிறாளாம். அதில் வைத்து எரிக்கத் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அதுவரைக்கும் வைத்துக்கொள்ள இங்கே இடம் கிடையாது, வீட்டில்தான் வைத்துக்கொள்ளவேண்டும் என்றார்.

அடுத்த வாரமும் லைப்ரரிக்குப் போனார்கள். அக்னெஸின் பட்டறையில் எங்கே பார்த்தாலும் ஈர விளார்க் கட்டுகள். முடிந்த பெட்டி ஒன்று மேசைமேல் இருந்தது. மணிவாசகம் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, மறுபக்கத்திலிருந்து இரவிச்சந்திரனை ஊதச் சொன்னார். கையில் காற்று பட்டது. யாருக்கு என்று அக்னெஸ் பிரெஞ்சில் கேட்டாள். எனக்குத்தான் என்றார். அவள் "பாவம்" என்று முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை, டேப்பை எடுத்துத் தோளின் அகலத்தை அளந்தாள். இத்தனை மாசத்தில் அவரை முழுசாகப் பேசவிட்ட முதல் ஆள் அவள்தான்.

பெட்டி வந்து இறங்கியது மார்ச் மாதத்தில். அந்த வருஷம், 2008, மான்ட்ரியலில் பனி கொட்டித் தீர்த்திருந்தது. வாசலில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. நடுவில் இரவிச்சந்திரன் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"இது என்னப்பா?" என்றாள் அனுசூயா.

"கூடை, அக்கா" என்றான் அவன். நிகிலின் பழைய அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பட்டப்பகலில் ஓடியே போய்விட்டான்.

மணிவாசகம் சொன்னார். ரப்பர் பட்டை, காற்று, பாடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்தார், ஆனால் அவரிடம் ஒரே மூச்சு ஏது, நடுநடுவே நின்று நின்றுதான் சொன்னார். "அனு, என்னை இதுல வெச்சுத்தான் அனுப்பணும். நிகில் பெரிய பெட்டி வாங்கறேன்னு நிப்பான், உங்கண்ணன் போன் போட்டு கௌரவம் பேசுவார். நீ விடக்கூடாது. விடமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அனுசூயா அழவில்லை, கத்தவில்லை. "காலியா வெக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சுபாவம் அப்படி. வெறும் தொட்டிலை ஆட்ட விடமாட்டாள். யார் வீட்டுப் பாத்திரம் வந்தாலும் துளி சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பாள். போய்க் கம்பளிகளை எடுத்துவந்து போட்டாள். அதன்மேல் பழைய குளிர்கோட்டுகள், அதன்மேல் நிகில் கல்யாணத்தில் வந்த போர்வைகள். அப்படியும் திருப்தி இல்லாமல் சமையலறையிலிருந்து அரிசி மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து கால் வைக்கிற பக்கத்தில் நிறுத்தினாள். மூடியைப் போட்டு அதன்மேல் ஒரு பூப்போட்ட விரிப்பையும் விரித்தாள்.

மணிவாசகத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆசைப்பட்டு அளவு கொடுத்து வாங்கின பெட்டி அரிசிக் கிடங்காகிவிட்டது.

கோவில் தோழி பாலாம்பிகை வந்தவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு நல்லா இருக்கு. எங்க வாங்கினீங்க? எங்க வீட்டுல போர்வை வெக்க இடமே இல்ல, எனக்கும் ஒண்ணு வேணும்."

"அது வந்து" என்று மணிவாசகம் ஆரம்பித்தார்.

"இந்தியாவுல இருந்து வந்தது" என்று அனுசூயா முடித்துவிட்டாள்.

நிகில் விஷயம் தெரிந்து வந்து குதித்தான். "பிக்னிக் பாஸ்கெட் மாதிரி இருக்குப்பா. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? உங்களுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்க என்னால முடியாதா?" இவர் பதில் சொல்ல மூச்சை இழுப்பதற்குள் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் யார் யாரைச் சமாதானப்படுத்துவது? மூன்று பேரும் காபி குடித்தார்கள்.

தினமும் கேட்டார். காலையில் குழாயைச் சரிசெய்கிறபோது, மாத்திரை எடுத்துத் தருகிறபோது. "அனு, அதுல வெப்பியா மாட்டியா?" அவளும் தினமும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"அதுல இடம் எங்க இருக்கு?"

எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒரு தடவை மூடியைத் தூக்கிக் கோட்டுகளைத் தானே வெளியே இழுத்துப் போடப் பார்த்தார். ஒரு கோட்டு வருவதற்குள் மூச்சு முட்டித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அனுசூயா வந்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். கோட்டை மடித்துத் திரும்பவும் உள்ளே வைத்தாள். கல்நெஞ்சுக்காரி என்று வாய்விட்டே திட்டினார். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மே மாதம் சளி பிடித்துக் காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். பிழைத்து எழுந்தார், ஆனால் மெஷினில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிவிட்டு அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று டாக்டர் அனுசூயாவையும் நிகிலையும் தனியாக வெளியே கூப்பிட்டுப் போய்ப் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொன்னார் என்றான் நிகில். வழக்கம்போல மழுப்புகிறார்கள் என்று எரிச்சல்பட்டுக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் குழாயை இழுத்துக்கொண்டு நிகிலின் பழைய அறைக்குப் போனார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கியிருந்தன. கோட்டுகள் நாற்காலிமேல் கிடந்தன. அரிசி மூட்டையைக் காணோம். பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்திருந்தது. அனுசூயா முழங்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே சிந்திக்கிடந்த அரிசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இடம் பண்ணிட்டேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

இதைத்தானே இத்தனை நாளாகக் கேட்டார்? சந்தோஷமாக அல்லவா இருக்கவேண்டும்? பின்னலின் இடுக்கு வழியாகச் சாயங்கால வெளிச்சம் உள்ளே விழுந்திருந்தது. அவர் அளவுக்கு, அவர் தோள் அகலத்துக்கு, வெறுமையாகக் கிடந்தது பெட்டி. டாக்டர் வெளியே என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பயம் வந்தது. பாலத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி தன் சாவைப் பற்றிப் பேசின மனுஷர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு உன்னை இதையெல்லாம் எடுக்கச் சொன்னா?" என்றார். குரல் கோபமாகத்தான் வந்தது.

"நீங்கதானே தினமும் பிடுங்கி எடுத்தீங்க."

"நான் சொன்னா உடனே செஞ்சுடுவியா? என்னைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்க நீ? உள்ள வை. எல்லாத்தையும் திரும்ப உள்ள வை, அனு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், பெட்டி வந்த அன்று அழாதவள், இப்போது கையிலிருந்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெக்கறேன்" என்றாள். "நேரம் வரும்போது நான்தான் எடுப்பேன். நிகிலையும் விடமாட்டேன், எங்க அண்ணனையும் விடமாட்டேன். இதுலதான் போவீங்க. போதுமா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மார்ச்சிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையாட்டினார். நாற்காலியில் கிடந்த கோட்டுகளில் கனமானதை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி உள்ளே வைத்தாள்.

"அரிசி மூட்டை?" என்று கேட்டார்.

"கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.