வேதகிரியின் மழைக்கட்டி

உத்திரமேரூர் ரைஸ் மில் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பிக் காயவைக்கிற வேலை வேதகிரிக்கு. ஐம்பத்தெட்டாம் வருஷம் அவன் வலது கண்ணின் வெள்ளையில் குருணை அளவுக்கு ஒரு கட்டி முளைத்தது. மழைக்கு ஒரு நாழிகை முன்னால் அது செக்கச்செவேலென்று சிவந்துவிடும். ஒருநாளும் தப்பியதில்லை. ஒருமுறை பாதிக் களத்தில் மட்டும் மழை பெய்தது; அன்றைக்குக் கட்டியும் பாதிதான் சிவந்தது.

அதிலிருந்து முதலாளி தினமும் அவன் இமையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் நெல்லைப் பரப்பச் சொல்வார். வானத்தைப் பார்க்கும் வழக்கமே களத்தில் ஒழிந்துபோயிற்று. வேதகிரிக்கு உட்கார ஒரு நாற்காலியும் கிடைத்தது.

குருணையளவுக் கட்டி முழு அரிசியளவாகிக் கருவிழியின் ஓரத்தைத் தொட்டபோது, மனைவி சிட்டம்மாள் அவனைப் பஸ்ஸேற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“இது கெட்ட கட்டி. இப்பவே வெட்டினா கண்ணு நிக்கும். உள்ளே இறங்கிட்டா கண்ணையே எடுக்கணும்.”

“சீசன் முடியட்டும்னு முதலாளி சொன்னாரும்மா” என்று இழுத்தான் வேதகிரி.

“கட்டி அவரு கண்ணுலயா கீது? வாயை மூடிக்கினு படுய்யா” என்றாள் சிட்டம்மாள்.

“நாக்காலி பூடுமேடி.”

“கண்ணு பூட்டா, நாக்காலி எங்க கீதுன்னு தடவிக்கினு திரிவே.”

படுத்தான். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்தார். சுற்றிலும் ஒரு நூல் அளவு நல்ல சதையையும் சேர்த்துக் கட்டியை வெட்டியெடுத்தார். வேர் தங்காதபடி அடியைச் சுரண்டிச் சூடு வைத்தார். சோதனைக்குப் போகவேண்டிய கட்டி புட்டிக்குள் கிடந்து சிவந்ததைப் பார்த்து, சிட்டம்மாளிடம் மழைச் சங்கதியைக் கேட்டிருந்த நர்ஸ் மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடினாள்.

கண்ணில் போட்ட கட்டைப் பிரித்தபோது எதிர்ச்சுவர்க் காலண்டர் முருகனின் வேலும், வேல்மேல் உட்கார்ந்திருந்த ஈயும் தெரிந்தன. மறுபடி முளைக்கிறதா என்று மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார்கள்.

புண் ஆறியதும் வேதகிரி களத்துக்குப் போனான். முதலாளிக்குப் பழக்கம் விடுமா? இமையை விரித்தார்.

“பால் மாதிரி வெளுத்துக்கீது. பரப்புங்கடா!”

நடுப்பகலில் கொட்டிய மழையில் நூறு மூட்டை நெல் ஏரிக்குப் போனது. அந்த வருஷம் ஏரி மீனெல்லாம் புழுங்கல் வாசம் அடித்தது. நாற்காலி மட்டும் கொட்டகைக்குள் நனையாமல் இருந்தது.

“டேய், இதை மட்டும் எப்டிடா உள்ள வெச்சே?” என்று கத்தினார் முதலாளி.

“காலைலயே மேக்கால மானம் கறுத்துக்கினு இருந்திச்சு. ரெண்டு கண்ணாலயும் நல்லா பாத்தேன்.”

“அத்த சொல்றதுக்கின்னா?”

“நீங்க கண்ணைத்தானே பாத்தீங்க முதலாளி. என்னைக் கேக்கலியே.”